கண்மணிக்குள் ஒரு குடை

பத்திரிகைக்காக வரைந்த படத்தின் அசல் கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது ஓரங்களைத்தான். முகம் அச்சிலேயே கிடைத்துவிடும். ஓரம் அசலில் மட்டும்தான் இருக்கும். எங்கே வெட்ட வேண்டும் என்று மூலைகளில் குறுக்குக் கோடுகள். எத்தனை சதவீதம் சுருக்க வேண்டும் என்று ஒரு குறிப்பு. தாடை சற்று நீண்டுவிட்ட இடத்தில் வெள்ளைப் பூச்சு. பின்புறம் ஒரு ரப்பர் முத்திரை, ஒரு தேதி, யாரோ அவசரமாகக் கிறுக்கிய பக்க எண்.

குறிப்புகளை வெளிர்நீலப் பென்சிலில் எழுதுவார்கள். கறுப்புக் கோட்டுப் படங்களைப் பிடிக்கும் அச்சகக் கேமராவின் ஃபிலிமுக்கு அந்த நீலம் தெரியாது, வெள்ளையாகவே பதியும். ஆசிரியர், லேஅவுட் செய்பவர், ஓவியர் மூவரும் ஒரே அட்டையின் மேல் நீலத்தில் பேசிக்கொள்ளலாம். வாசகர் காதில் அது விழாது. படத்தைப் பெரிதாக வரைந்து அச்சில் சுருக்குவதும் வழக்கம். சுருங்கும்போது கையின் நடுக்கமும் சுருங்கி, கோடு இறுகித் தெரியும்.

ஆக, அசல் என்பது கேமராவுக்காகச் செய்த பொருள். ஃபிலிம் எடுத்தாயிற்று, பிளாக் ஆயிற்று என்றால் அதன் வேலை முடிந்தது. பிறகு எங்கே போகும் என்பது யார் அலமாரியில் இடம் இருந்தது என்பதைப் பொறுத்தது. பொன்னியின் செல்வன் தொடராக வந்தபோது மணியம் வரைந்த படங்களை வாசகர்கள் இதழிலிருந்து கிழித்து, தைத்து, பைண்டு செய்து வைத்துக்கொண்டார்கள். பாதுகாத்தது அச்சை. அசல் எங்கே என்று கேட்க அப்போது யாருக்கும் தோன்றியிருக்காது.

இன்று ஏலக்கூடங்கள் அதைத்தான் கேட்கின்றன. வெள்ளைப் பூச்சுக்கும் வெட்டுக்கோட்டுக்கும் சேர்த்தே விலை.

*

சில நாட்களாக ஒரு படம் மனத்தில் நின்றுகொண்டிருக்கிறது. ஆண்டி வார்ஹோல் 1984இல் ‘வேனிட்டி ஃபேர்’ இதழுக்காகச் செய்த பாடகர் பிரின்ஸின் உருவப்படம். பிடித்த படம் என்று சொல்ல மாட்டேன். வார்ஹோலின் நூற்றுக்கணக்கான முகங்களில் அதுவும் ஒன்று. அவசரத்தில் செய்தது போலவும் இருக்கிறது. ஆனால் ஒரே முகத்தின் மேல் எத்தனை பேருடைய கை இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான படம் எனக்குத் தெரியவில்லை.

*

கதை மூன்று ஆண்டு முன்னால் தொடங்குகிறது.

1981 டிசம்பர் 3. நியூயார்க்கில் புகைப்படக்காரர் லின் கோல்ட்ஸ்மித்தின் ஸ்டூடியோ. பிரின்ஸைப் படமெடுக்கும்படி ‘நியூஸ்வீக்’ இதழ் அவரிடம் சொல்லியிருந்தது. பிரின்ஸ் அப்போது வளர்ந்து வரும் பாடகர். இன்னும் உலகம் அறிந்த முகம் ஆகவில்லை. ராக் இசைக்காரர்களை எடுத்துப் பெயர் பெற்றிருந்த கோல்ட்ஸ்மித் அவருக்குக் கண்ணிமையில் ஊதா நிறம் தீட்டினார், உதட்டில் பளபளப்பு பூசினார். வெள்ளைப் பின்னணியில் நிறுத்தி, ஒளியைச் சிதறடிக்கும் குடைகளை வைத்தார். வந்தவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. சற்று நேரத்தில் ஒப்பனை அறைப் பக்கம் போனார், பிறகு கிளம்பிவிட்டார். எடுத்தது வண்ணத்தில் சில, கறுப்பு வெள்ளையில் சில.

கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றில் அவர் நேராகப் பார்க்கிறார். மீசை இப்போதுதான் முளைத்தது போல. கழுத்துக்குக் கீழே வார்ப்பட்டை அணிந்த வெள்ளைச் சட்டை. பார்வையில் துணிவும் இருக்கிறது, யாராவது வந்து கூட்டிக்கொண்டு போனால் தேவலை என்ற தவிப்பும் இருக்கிறது. இரண்டு கண்மணியிலும் சின்னதாக ஒரு வெள்ளை. ஸ்டூடியோக் குடை அங்கே விழுந்திருக்கிறது.

நியூஸ்வீக் அதைப் போடவில்லை. மேடையில் பாடும்போது எடுத்த வேறொரு படத்தைப் போட்டது. ஸ்டூடியோப் படம் கோப்புக்குள் போயிற்று.

*

1984 கோடையில் ‘பர்ப்பிள் ரெயின்’ வந்தது. முதலில் இசைத்தட்டு, அடுத்த மாதமே திரைப்படம். பிரின்ஸ் எங்கும் நிறைந்தார். வேனிட்டி ஃபேர் கட்டுரைக்கு ‘பர்ப்பிள் ஃபேம்’ என்று தலைப்பு வைத்தது. ஊதாப் புகழ். புகைப்படம் போதாது, ஓவியம் வேண்டும் என்று ஆசிரியர் குழு நினைத்தது, வார்ஹோலிடம் கொடுத்தது.

வார்ஹோலுக்கு ஒரு புகைப்படம் வேண்டும். இதழ், கோல்ட்ஸ்மித்தின் படங்களை நிர்வகித்த நிறுவனத்திடம் கேட்டது. ஓவியருக்கு மாதிரியாக வைத்துக்கொள்ள அனுமதி: ஒரு முழுப் பக்கம், ஒரு கால் பக்கம், 1984 நவம்பர் இதழில் மட்டும், ஒருமுறை மட்டும், புகைப்படக்காரர் பெயர் போட வேண்டும். வேறு எந்த உரிமையும் கிடையாது. கட்டணம் 400 டாலர். வரையப் போகிறவர் யார் என்று கோல்ட்ஸ்மித்துக்குச் சொல்லப்படவில்லை.

வார்ஹோலும் பத்திரிகையில் பிறந்தவர்தான். 1949இல் ‘கிளாமர்’ இதழுக்குப் படம் வரைந்து தொடங்கி, ஐம்பதுகள் முழுக்கக் காலணி விளம்பரங்களும் இதழ்ப் படங்களும் வரைந்து பிழைத்தவர். கெடு என்றால் என்ன, ஒருமுறை உரிமை என்றால் என்ன என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

அவர் செய்த முறையை நம் ஊரில் பார்க்காதவர் இருக்க முடியாது. கல்யாணத்தில் தேங்காய் பழம் போட்டுக் கொடுக்கும் மஞ்சள் பையில் மணமக்கள் பெயர் ஏறுவதும் அந்த முறையில்தான்: ஸ்கிரீன் பிரிண்டிங். புகைப்படத்தில் தலையை மட்டும் வெட்டி எடுத்து, சாம்பல் நிறங்களைத் துடைத்துக் கறுப்பும் வெறுமையுமாக ஆக்கி, அதை ஒரு வலையில் பதிக்க வேண்டும். நிறம் தீட்டிய கித்தானின் மேல் அந்த வலையை வைத்து, ரப்பர் பட்டையால் மையை இழுத்தால் முகம் இறங்கும். வார்ஹோல் மேலே சில கோடுகளையும் சேர்த்தார். தோள் போயிற்று. சட்டை போயிற்று. ஸ்டூடியோ போயிற்று. தலை மட்டும் தட்டையாக, ஒட்டவைத்தாற்போல நிறத்தில் மிதந்தது.

ஆனால் கண்மணியில் அந்த வெள்ளை இருந்தது. வலை அதையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. பின்னாளில் இந்தப் படங்களைப் பற்றி எழுந்த பதிப்புரிமை வழக்கில் மேல்முறையீட்டு நீதிபதிகள் இரு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, கோல்ட்ஸ்மித்தின் குடைகள் பிரின்ஸின் கண்ணில் பட்டுத் திரும்பிய அந்த மினுக்கம்கூட அப்படியே இருக்கிறது என்று எழுதினார்கள். எனக்கு இந்த வழக்கில் மறக்க முடியாத வரி அதுதான். வழக்குரைஞர்கள் எத்தனையோ கோட்பாடு பேசினார்கள். சாட்சி சொன்னதென்னவோ ஒரு குடை.

*

இதழுக்கு வேண்டியிருந்தது ஒரு படம். வார்ஹோல் செய்தது பதினாறு. ஊதாவில் ஒன்று அச்சேறியது. மிச்சம் ஆரஞ்சு முதலான வேறு நிறங்களில். இரண்டு பென்சில் ஓவியங்களும் உண்டு. ஏன் இத்தனை என்று கேட்டால், வலை தயாரான பிறகு அடுத்த நிறம் என்பது அரைமணி வேலை. அதற்காக அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அச்சகத்தில் வளர்ந்த கை ஒன்றோடு நிற்காது.

அதே 1984 மார்ச்சில் ‘டைம்’ இதழின் அட்டைக்காக அவர் மைக்கேல் ஜாக்சனையும் செய்திருந்தார். அந்தப் படம் இன்று வாஷிங்டனில் தேசிய உருவப்படக் காட்சியகத்தில் இருக்கிறது, டைம் இதழின் அன்பளிப்பாக. டைம் தன் அட்டைப்பட அசல்களை 1978இலேயே நூற்றுக்கணக்கில் அங்கே கொடுத்துவிட்டிருந்தது. நானூறுக்கு மேல் அட்டை வரைந்த போரிஸ் சாலியாபினின் படங்களும் அவற்றில் அடக்கம். 1947இல் காந்தியை டைம் அட்டைக்கு வரைந்தவர் இந்த சாலியாபின்தான். ஒரே ஆண்டில் ஒரே கை செய்த இரண்டு பாடகர்கள்: ஒருவர் அருங்காட்சியகத்துக்குப் போனார், மற்றவர் பெரும்பாலும் சந்தைக்குப் போனார். காரணம் கலையில் இல்லை. ஒரு நிறுவனத்துக்குக் கொடுக்கும் பழக்கம் இருந்தது, அவ்வளவுதான்.

*

வார்ஹோல் 1987 பிப்ரவரியில் இறந்தார். சொத்து அவர் பெயரிலான அறக்கட்டளைக்குப் போயிற்று. பதினாறு பிரின்ஸ்களில் பன்னிரண்டு 1993க்கும் 2004க்கும் இடையில் கைமாறின. நான்கு பிட்ஸ்பர்க்கில் உள்ள வார்ஹோல் அருங்காட்சியகத்துக்குப் போயின. வெளியே போன ஒன்று 2015இல் ஏலத்தில் ஏறத்தாழ 1,73,000 டாலருக்கு விற்றது.

2016 ஏப்ரல் 21 அன்று பிரின்ஸ் இறந்தார். வேனிட்டி ஃபேரை நடத்தும் காண்டே நாஸ்ட் நினைவுச் சிறப்பிதழ் ஒன்றைக் கொண்டுவந்தது. அட்டையில் ஆரஞ்சு பிரின்ஸ். அறக்கட்டளைக்கு 10,000 டாலர். கோல்ட்ஸ்மித்துக்கு ஒன்றும் இல்லை, பெயரும் இல்லை. அந்த அட்டையைப் பார்த்துத்தான் இப்படி ஒரு வரிசை இருப்பதே அவருக்குத் தெரிந்தது. அதே வாரங்களில் ‘பீப்பிள்’ இதழ் தன் நினைவு மலருக்காக அவர் எடுத்த வேறொரு பிரின்ஸ் படத்துக்கு 1,000 டாலர் கொடுத்திருந்தது.

400, 1,000, 10,000, 1,73,000. இந்த எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொகை ஏற ஏற, ஸ்டூடியோவில் நின்ற இருவரிடமிருந்தும் தூரம் கூடுகிறது.

*

வழக்கைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. அது சட்டக் கல்லூரிகளின் உணவு. முதலில் வழக்குப் போட்டது அறக்கட்டளைதான், 2017இல். 2019இல் கீழ் நீதிமன்றத்தில் அது வென்றது. கூச்சமும் தவிப்புமாக இருந்த ஒரு மனிதரை வார்ஹோல் மனித அளவைத் தாண்டிய சின்னமாக மாற்றிவிட்டார் என்றது அந்தத் தீர்ப்பு. 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பியது. 2023 மே 18 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் கோல்ட்ஸ்மித் பக்கம் நின்றது. பெரும்பான்மைத் தீர்ப்பை நீதிபதி சோட்டோமேயர் எழுதினார். மாறுபட்டு எழுதியவர் நீதிபதி ககன். தலைமை நீதிபதி அவரோடு சேர்ந்துகொண்டார். இரண்டு தீர்ப்புகளும் ஒன்றையொன்று கடிந்துகொள்ளும் வேகம் வாசிக்கச் சுவையானது.

கீழ் நீதிமன்றத்தின் அந்தப் பார்வையைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். தவிப்பு சின்னமாக மாறிற்று என்றால், தவிப்பு எங்கே போயிற்று? புகைப்படத்தில் அந்த மனிதர் தவிக்காமல் நன்றாகச் சிரித்திருந்தால் வார்ஹோலின் கித்தானில் அந்த வெறித்த முகம் வந்திருக்காது. சின்னம் தின்றது அந்தத் தவிப்பைத்தான். அதை வெளியே கொண்டுவர ஊதா மை தீட்டியவரும், குடை பிடித்தவரும் கோல்ட்ஸ்மித். நான் அவர் பக்கம். ஆனால் ககன் எழுதியதைப் படிக்கும்போது, பழைய ஓவியர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்துக்கொண்டே வந்த நெடிய வரிசை கண்முன் வருகிறது. அங்கும் மனம் கொஞ்சம் சாயத்தான் செய்கிறது.

தீர்ப்பில் ஒரு சின்ன இடம் உண்டு. தாங்கள் பேசுவது 2016இல் இதழுக்கு விற்ற அனுமதியைப் பற்றி மட்டுமே. அசல் படங்களை உருவாக்கியது, காட்சிக்கு வைத்தது, விற்றது பற்றி எந்தக் கருத்தும் சொல்லவில்லை என்று நீதிமன்றம் எழுதி வைத்தது. அச்சுக்குக் கணக்குக் கேட்டார்கள். அசலைத் தொடவில்லை. ஆக, சுவரில் மாட்டியவர்களுக்குத் தூக்கம் கெடவில்லை.

*

பிரின்ஸ் இந்த வழக்கில் எங்கும் இல்லை. படத்தில் இருப்பவருக்கு அதில் எந்தப் பங்கும் கிடையாது. உலக வழக்கமும் அதுதான்.

ஆனால் இவர் பிரின்ஸ். 1993இல் தன் பெயரையே விட்டுவிட்டு உச்சரிக்க முடியாத ஒரு குறியைப் பெயராக வைத்துக்கொண்டவர். தன் பாட்டுகளின் மூலப் பதிவுகள் வார்னர் நிறுவனத்துக்குச் சொந்தம் என்பதைப் பொறுக்காமல், கன்னத்தில் ‘அடிமை’ என்று எழுதிக்கொண்டு பொதுவெளியில் வந்தவர். யாருடையது என்ற கேள்வியை முகத்திலேயே எழுதிக்கொண்ட மனிதர். அந்த முகம் பல நிறங்களில் கைமாறியபோது கேள்வி அவருடையதாக இல்லை.

புகழ்பெற்றவர்களின் முகம் ஒருவகைப் பொதுச்சொத்து என்று சொல்லலாம். எனக்கு அது முழுதாக உடன்பாடில்லை. ஸ்டூடியோவில் அன்று ஒப்பனை அறைக்குப் போய்விட்டவர் புகழ்பெற்றவர் அல்லவே. மினியாப்பொலிஸிலிருந்து வந்த இருபத்துமூன்று வயதுப் பையன்.

*

ஏலக்கூடத்தைப் பற்றி.

ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம் என்று நாம் அறிந்த ஏலத்துக்கும் நியூயார்க் ஏலத்துக்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை. சுத்தியல் விழும் விலை ஒன்று. அதன் மேல் வாங்குபவர் ஏலக்கூடத்துக்குக் கொடுக்கும் கட்டணம் வேறு. மறுநாள் செய்தித்தாளில் வருவது பெரும்பாலும் இரண்டையும் கூட்டிய தொகை. 2014 மே 22 அன்று கிறிஸ்டீஸ் ஏலக்கூடத்தில் அமெரிக்கப் பத்திரிகை ஓவியர் நார்மன் ராக்வெல்லின் ‘தி ரூக்கி’ விற்றபோது செய்தியில் வந்தது 2 கோடியே 25 லட்சத்துச் சொச்சம் டாலர். அதில் 25 லட்சத்துக்கு மேல் கட்டணம் மட்டும்.

அந்தப் படம் ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ இதழின் 1957 மார்ச் 2 அட்டை. பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் உடைமாற்றும் அறை. பெட்டியும் கையுமாக ஒரு புதுப் பையன் உள்ளே நுழைகிறான். பெரிய ஆட்டக்காரர்கள் ஏற இறங்கப் பார்க்கிறார்கள். நடுவில் நிற்பவர் டெட் வில்லியம்ஸ், அந்தக் காலத்து அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு தெரிந்த முகம். சக ஆட்டக்காரர்கள் ராக்வெல்லின் ஊருக்கு வந்து போஸ் கொடுத்தார்கள். வில்லியம்ஸ் வரவில்லை. அவரைப் புகைப்படங்களை வைத்தே வரைந்தார். எல்லாரும் பார்க்க விரும்பிய முகம், ஸ்டூடியோவுக்கு வராத முகம். புதுப் பையனாக நின்றது உள்ளூர்ப் பள்ளி மாணவர் ஒருவர். என் கண்ணுக்குப் படத்தில் உயிரோடு இருப்பது அந்த மாணவர்தான். அவர் நின்றார், அவர் கால்சட்டை சற்றுக் குட்டையாக இருப்பதை ஓவியர் கண்ணால் கண்டார். வில்லியம்ஸின் தலை உடம்போடு முழுக்கச் சேரவில்லை.

அதற்கு முந்தைய டிசம்பரில் சோத்பீஸில் ராக்வெல்லின் ‘சேயிங் கிரேஸ்’ 4 கோடியே 60 லட்சம் டாலருக்கு விற்றது. 1951இல் அந்த அட்டைக்கு ராக்வெல் வாங்கிய ஊதியம் 3,500 டாலர். அசல் வெகுகாலம் இருந்தது இதழின் கலை ஆசிரியர் கென்னத் ஸ்டூவர்ட் வீட்டில். விற்றது அவருடைய வாரிசுகள். மறுபடியும் அலமாரிதான்.

ராக்வெல் இதைக் கண்டு வருந்தியிருப்பாரா? எனக்குத் தோன்றவில்லை. அவரைப் பொறுத்தவரை படம் முடிவது இதழ் வாசகரின் கையில். லட்சக்கணக்கான வீடுகளின் வரவேற்பறை மேசையில் அது ஒரு வாரம் கிடந்தது. அதைவிடப் பெரிய கண்காட்சி எந்த ஓவியருக்கு வாய்த்தது?

*

பிரெஞ்சு ஓவியர் ஃபோரேன் வரைந்த ஒரு கேலிச்சித்திரம் பற்றிச் சொல்வார்கள். ஏலக்கூடத்தில் லட்சம் பிராங்குக்குச் சுத்தியல் விழுகிறது. கந்தல் உடுத்த இரண்டு குழந்தைகள் எட்டிப் பார்க்கின்றன. அது அப்பா வரைந்த படம் என்று ஒன்று மற்றொன்றிடம் சொல்கிறது. பத்திரிகைக் கேலிக்கு வரைந்த படம்தான். ஆனால் 1920இல் பிரான்ஸ் இயற்றிய ஒரு சட்டத்துக்குப் பின்னால் அந்தப் படமும் நிற்கிறது. மில்லேயின் ‘ஆஞ்செலஸ்’ கதையும் நிற்கிறது: அவர் ஆயிரம் பிராங்குக்கு விற்ற படம், அவர் இறந்து பதினான்கு ஆண்டு கழித்து 1889இல் ஐந்தரை லட்சம் பிராங்குக்கு மேல் போயிற்று. மறுவிற்பனை தோறும் ஓவியருக்கோ வாரிசுக்கோ ஒரு சிறு பங்கு என்பது சட்டம். பிரிட்டனில் அது 2006இல்தான் வந்தது; இறந்தவர்களின் வாரிசுகளுக்கு 2012இல். அமெரிக்காவில் நாடு முழுவதற்குமான சட்டம் கிடையாது. கலிபோர்னியா 1976இல் ஒன்றை இயற்றிப் பார்த்தது. நீதிமன்றங்கள் அதைக் கிட்டத்தட்ட முழுதாகக் கரைத்துவிட்டன.

இந்தியாவில் உண்டு. 1994 திருத்தத்தில் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்ந்த 53ஏ பிரிவு. ஓவியமோ சிற்பமோ கையெழுத்துப் பிரதியோ 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை ஆனால், படைத்தவருக்கோ வாரிசுக்கோ பத்து சதவீதத்துக்கு மேற்படாத பங்கு. படிக்கும்போது மனம் குளிர்கிறது. அடுத்த வரியில்தான் சிக்கல். படைத்தவர் 17ஆம் பிரிவின்படி முதல் உரிமையாளராக இருந்திருக்க வேண்டும். 17ஆம் பிரிவு என்ன சொல்கிறது? ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் பணம் வாங்கிக்கொண்டு வரைந்த உருவப்படம் என்றால், மாற்று ஒப்பந்தம் இல்லாதவரை, கேட்டவரே முதல் உரிமையாளர்.

அதாவது தன் பாட்டுக்கு ஒரு மரத்தை வரைந்து விற்றவருக்குப் பங்கு உண்டு. ஒரு வார இதழ் கேட்டு, கெடுவுக்குள், இரவு விழித்து ஒரு நடிகையின் முகத்தை வரைந்து கொடுத்தவருக்கு இல்லை. எழுதி வாங்கியிருந்தால் உண்டு. அட்டைப்படம் கேட்டு ஆபீஸ் பையன் சைக்கிளில் வந்து நிற்கும்போது எவர் எழுதி வாங்கியிருப்பார்?

*

ஓவியருக்குப் பங்கு வந்தாலும் புகைப்படக்காரருக்கு வராது என்பதையும் குறித்துக்கொள்கிறேன். மறுவிற்பனைப் பங்கு கடைசிக் கைக்குத்தான். அதற்கு முந்தைய கைக்கு இந்தச் சட்டங்களில் இடம் இல்லை. புகைப்படத்தைப் பார்த்து வரைவது பத்திரிகை ஓவியத்தில் திருட்டும் அல்ல, விதிவிலக்கும் அல்ல; அதுதான் தொழில். முதலமைச்சரோ நடிகரோ பாடகரோ வந்து ஓவியர் எதிரே உட்கார மாட்டார். சாலியாபின் பார்த்தது புகைப்படம். ராக்வெல் பார்த்தது புகைப்படம். ஒவ்வொரு அட்டைப்படத்துக்கும் பின்னால் பெயர் தெரியாத ஒரு கேமரா இருக்கிறது; அந்தக் கேமராவின் ஒளி ஏதோ ஒரு கண்ணில், ஏதோ ஒரு மூக்கு நுனியில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

இப்போதெல்லாம் ஏலப் பட்டியல்களில் உருவப்படங்களைப் பார்த்தால் கண் தானாகக் கண்மணிக்குப் போகிறது. சன்னல் தெரிந்தால் ஓவியர் நேரில் பார்த்து வரைந்திருக்கலாம். சதுர விளக்கோ குடையோ தெரிந்தால் வேறு யாரோ முன்பே அங்கே நின்றிருக்கிறார். எப்போதும் சரியாக வரும் சோதனை அல்ல. ஆனாலும் விலைப் பக்கத்தைப் பார்ப்பதைவிட எனக்கு இது பிடித்திருக்கிறது.

*

1984 நவம்பர் வேனிட்டி ஃபேர் இன்றும் பழைய புத்தகக்காரர்களிடம் கிடைக்கும் இதழ்தான். ஊதா பிரின்ஸ் அதில் இருக்கிறார். அச்சு, ஆகவே வெட்டுக்கோடு இல்லை, மையின் மேடு பள்ளம் இல்லை, ஏலக்கூடம் தேடும் எதுவும் இல்லை. படத்தின் அருகே சிறிய எழுத்தில், புகைப்படம் லின் கோல்ட்ஸ்மித் என்று இருக்கிறது. ஒப்பந்தத்தில் கேட்டிருந்ததால் போட்டார்கள். லட்சங்களுக்கு விற்ற கித்தான்களில் அந்தப் பெயர் இல்லை. இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள் என்றால் இதழைத்தான் எடுத்துக்கொள்வேன். கித்தானை வைக்க என் வீட்டுச் சுவரிலும் இடம் இல்லை.